தகப்பனிடம் ஒரு கேள்வி



மாற்கு 9ஆம் அதிகாரத்திலிருந்து வாசிக்கக் கேட்டோம். வலிப்பு வந்த ஒரு பையன் இயேசுவின் கண்முன்னே விழுந்து புரளுகிறான். வாயில் நுரை தள்ளுகிறது. சற்றுமுன்வரை சீடர்களும் மறைநூல் அறிஞர்களும் அங்கே வாக்குவாதம் செய்துகொண்டு நின்றார்கள். இயேசு பையனின் தகப்பன் பக்கம் திரும்பி, இது பிள்ளைக்கு எத்தனை காலமாக இருக்கிறது என்று கேட்கிறார். வலிப்பு கிளினிக்கில் டாக்டரும் இதைத்தான் கேட்பார்.

சின்ன வயதிலிருந்தே என்கிறார் தகப்பன். நெருப்பிலும் தண்ணீரிலும் விழுந்திருக்கிறான் என்கிறார். எட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ லயத்தில் இருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. குசினியில் விறகடுப்பு, குளிக்கப் பீலி, வேலைக்குப் போனால் வழுக்கும் மலை. காக்கா வலிப்பு வருகிற பிள்ளை விழக்கூடாத இடங்கள்தான் நம்மைச் சுற்றி அதிகம்.

விழும்போது தலைக்குள் என்ன நடக்கிறது? நம் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று பேசுவது மிகச் சிறிய மின்சாரத்தால். 1924இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற வைத்தியர்தான் மனிதத் தலையின் மேலிருந்து அந்த மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். கண்ணை மூடி அமைதியாக இருந்தால் தலையின் பின்பக்கத்தில் வினாடிக்குப் பத்துத் தடவை போல அலை எழும்பும். செபிக்கும்போது வருவதால் அதைப் புனிதத்தின் அடையாளம் என்று நினைத்துவிடாதீர்கள்; என் மறையுரையில் அலுத்துக் கண்ணை மூடினாலும் வரும்.

ஒரே உடலில் உறுப்புகள் பல, ஒவ்வொன்றுக்கும் தனி வேலை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். நரம்பணுக்களும் அப்படித்தான்; ஒன்று துடிக்கும்போது இன்னொன்று அடங்கியிருக்கும். அடக்கி வைக்கிற அணுக்களின் பிடி தளர்ந்தால் பெருங்கூட்டமாக எல்லாம் ஒரே நேரத்தில் துடிக்கின்றன. அதுதான் வலிப்பு. தலையில் பட்ட அடி, மூளைக் காய்ச்சல், பிறக்கும்போது மூச்சுத் திணறியது, பரம்பரை என்று காரணங்கள் பல. சிலருக்குக் காரணம் தெரிவதே இல்லை. தாய் செய்த பாவம் அந்தப் பட்டியலில் கிடையாது.

நற்செய்தி அதை ஆவி என்றுதானே சொல்கிறது ஃபாதர், என்று கேட்பீர்கள். அந்தக் காலத்து மக்கள் அறிந்த மொழியில் மாற்கு எழுதினார். அதை வைத்து இந்தக் காலத்துப் பிள்ளைக்குப் பேய் ஓட்டக் கிளம்புவது நற்செய்தியை மதிப்பது ஆகாது. வைத்தியரையும் மருந்தையும் ஆண்டவரே படைத்தார் என்று சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் சொல்கிறது. ஒழுங்காகக் குளிசை எடுத்தால் பத்துப் பேரில் ஏழு பேர்வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பிள்ளையின் கையில் மந்திரித்த நூல் கட்டியவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. ‘நம்புகிறேன், என் நம்பிக்கைக் குறையை நீக்கும்’ என்ற பொருளில் கதறிய தகப்பனையே ஆண்டவர் தள்ளிவிடவில்லையே. ஆனால் நொவேனா தொடங்கியதும் குளிசையை நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாக வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

யாராவது விழுந்தால் கையில் சாவியையோ இரும்பையோ திணிக்க வேண்டாம், அதனால் ஒரு பயனும் இல்லை. வாய்க்குள் கரண்டி விடாதீர்கள். இறுக்கிப் பிடிக்காதீர்கள். அடுப்பு, கல் பக்கத்திலிருந்து விலக்கி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஓட்டோ பிடியுங்கள். நுரை பட்டால் தொற்றும் என்பது பொய்.

வலிப்பு நின்றபின் பையன் பிணம்போல் கிடந்தான், செத்துவிட்டான் என்றே பலர் சொன்னார்கள். வலிப்புக்குப் பின் வரும் அசதியும் பார்க்க அப்படித்தான் இருக்கும். இயேசு அவன் கையைப் பிடித்துத் தூக்கினார். நாமோ அந்தக் கையைத் தொடப் பயந்து, கல்யாணம் கெட்டுவிடும் என்று பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பாமல் காம்பராவுக்குள் மறைக்கிறோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் போகிற அன்றைக்குத் தாய்க்குப் பேர் விழாது, அன்றைய சம்பளம் போய்விடும், வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆளும் இருக்காது. அப்படி ஒரு வீடு உங்கள் லயத்தில் இருந்தால், அடுத்த கிளினிக் நாளில் அந்தப் பிள்ளைகளுக்கு யார் சோறு கொடுப்பது என்பதைப் பூசை முடிந்ததும் வெளியே நின்று பேசி முடித்துவிட்டுப் போங்கள்.