உறைநிலைப் பெட்டியும் உணவின் எல்லையும்

ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் ஆறு நாட்களுக்கு வேண்டிய குழம்பையும் கூட்டையும் சமைத்து, சிறு டப்பாக்களில் அடைத்து, குளிர்சாதனப் பெட்டியின் ஃப்ரீசரில் உறைய வைத்து, நாளுக்கு ஒன்றாக எடுத்துச் சூடாக்கி உண்ணும் வழக்கம் இன்று பல இல்லங்களில் பரவி வருகிறது. சமண இல்லங்களும் இதற்கு விலக்கல்ல. இது நம் நெறிக்கு ஒத்ததா என்று வேலைக்குச் செல்லும் இளம்பெண்கள் நம்மிடம் வினவுகின்றனர். ‘பழைய உணவு ஆகாது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் முதியோர் உளர். ‘உறைந்த பொருளில் உயிர் ஏது?’ என்று தள்ளிவிடும் இளையோரும் உளர். இரு சாராரும் விரைந்து தீர்ப்புக் கூறிவிட்டனர் என்றே நாம் கருதுகிறோம்.

இடர் எங்கே இருக்கிறது என்பதை முதலில் காண்போம். நாம் வாழும் ஏற்காட்டையே எடுத்துக்கொள்ளலாம். சேலத்தில் அலுவல் பார்த்து, மாலையில் பேருந்தேறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்திலுள்ள இல்லம் சேரும் பெண் ஆறரை மணிக்கு முன் அடுப்பருகே நிற்க இயலாது. கார்த்திகை மாதத்தில் இங்கே கதிரவன் சுமார் 5.50 மணிக்கே மறைந்துவிடுகிறான். நோன்பைக் கண்டிப்பாகக் காப்போர் அதற்கும் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், முன்னதாக உண்டு முடிப்பர். அப்பெண் தன் பங்கை டப்பாவில் எடுத்துச் சென்று அலுவலகத்திலேயே பொழுதோடு உண்டுவிடலாம். பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளைகளும் வீட்டிலிருக்கும் மாமனார் மாமியாரும் எதை உண்பது? அவள் வரும்வரை காத்திருந்தால் இரவுணவு. அவள் முன்பே சமைத்து உறைய வைத்தால் நாள் கடந்த உணவு. ஒரு நோன்பைக் காக்கப் போய் மற்றொன்றை இழக்கும் நிலை இது.

இல்லறத்தார் விலக்கத்தக்கவை எனப் பெரியோர் வகுத்த இருபத்திரண்டு பொருள்களின் பட்டியலில் இரவுணவும் உண்டு, சுவை திரிந்த உணவும் உண்டு, உறைபனியும் உண்டு. அதே பட்டியலில் ஊறுகாயும் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஊறுகாய் ஜாடியைப் பரணில் வைத்துக்கொண்டு மருமகளின் ஃப்ரீசரை மட்டும் பழிப்போர் இதைச் சற்றே நினைவுகூர வேண்டும். நான்கு நாள் புளித்த தோசை மாவைப் பற்றி நாம் எதுவும் சொல்லப் போவதில்லை.

உணவுக்கு ஏன் எல்லை வைத்தனர்? ஈரமும் வெம்மையும் காலமும் கூடுமிடத்தில் நுண்ணுயிர்கள் பெருகும் என்பதால். மாவுக்கு மழைக்காலத்தில் மூன்று நாள், கோடையில் ஐந்து நாள், குளிர்காலத்தில் ஏழு நாள் என்ற திகம்பர மரபின் வரையறையைக் காணுங்கள். பருவத்துக்கேற்ப எல்லை நீள்கிறது. குளிர் காலத்தை நீட்டிக்கும் என்பதை முன்னோரே ஒப்புக்கொண்டுள்ளனர். எனவே ஃப்ரீசருக்காக வாதிடுவோர் பக்கம் சிறிது நியாயம் உண்டு. ஆயினும் அவர்கள் கூறுவது பாதிதான் மெய். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் நுண்ணுயிர்கள் பெருகுவது நின்றுவிடுகிறது. அவற்றுள் பெரும்பாலானவை மடிவதில்லை. உறைந்து கிடந்து, பனி இளகியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன. சமைத்த சோற்றிலும் கொதிக்குத் தப்பிய சில நுண்ணுயிர் வித்துகள் எஞ்சியிருக்கும். பானை ஆறும் நேரத்திலேயே அவை முளைத்துப் பெருகத் தொடங்கும். ஆகவே ஃப்ரீசர் எல்லையை நீக்கிவிடவில்லை. ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை நடுவழியில் நிறுத்தி வைக்கிறது. பிறகு சூடாக்கும்போது அந்த உயிர்களை நம் கையாலேயே அழிக்கிறோம்.

அப்படியானால் முன்னேற்பாடே கூடாதா? இம்மலையின் காபியைப் பார்த்து நாம் ஒன்று கற்கலாம். சேர்வராயன் மலையில் 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில், காபிப் பயிர் வேரூன்றியது. பழுத்த காயைப் பறித்து உலர்த்திய பச்சைக் கொட்டை பல மாதம் கெடாது. வறுத்த கொட்டை சில வாரம் மணம் காக்கும். அரைத்த தூள் சில நாள். இறக்கிய டிகாக்ஷன் சில மணி நேரம். நெருப்பும் நீரும் பட்டுப் பண்டம் நாவை நெருங்க நெருங்க அதன் ஆயுள் குறைகிறது. தானியம், மாவு, சோறு என்று நம் பெரியோர் வகுத்த எல்லைகளும் இதே படிக்கட்டே. இம்மலையின் பழங்குடியினரான மலையாளி மக்களும் பயிரிடும் சாமையை உமியோடு வைத்தால் நெடுங்காலம் நிற்கும், வேண்டும்போது குற்றிக்கொள்ளலாம். எந்தப் படியில் நிறுத்தி வைப்பது என்பதே வினா. கடைசிப் படியில், அதாவது வெந்து நீர்ப்பசையோடு இருக்கும் நிலையில், நிறுத்துவதுதான் தவறு.

ஆசிரியப் பயிற்சியில் எமக்குப் பாடக்குறிப்பு எழுதக் கற்பித்தனர். ஒரு வாரத்துக்குரிய குறிப்பை ஞாயிறன்றே எழுதிவிடலாம். ஆனால் திங்கட்கிழமைப் பாடத்தை ஞாயிறன்று நடத்திவிட முடியாது. சமையலும் அவ்வாறே. விடுமுறை நாளில் பருப்பை வறுத்து அளந்து பொட்டலமாக்கலாம். புளியைக் கொட்டை நீக்கி வைக்கலாம். குழம்புப் பொடியை மாவுக்குரிய நாளெல்லைக்குள் தீரும் அளவுக்கு மட்டும் அரைக்கலாம். பச்சைப் பட்டாணியை உரித்தும், தேங்காயைத் துருவியும் சமைக்காமலே ஃப்ரீசரில் வைக்கலாம். பனியையே ஏற்காதோர் அதையும் தவிர்ப்பர். அவர்களை நாம் வணங்குகிறோம். இவ்வளவும் ஆயத்தமாக இருந்தால் வெண்பொங்கலோ பருப்புச் சாதமோ அரை மணியில் முடிந்துவிடும்.

ஆனால் அந்த அரை மணிக்கு அடுப்பருகே நிற்பவர் யார்? இங்கேதான் நம் மனம் நெடுநேரம் தங்குகிறது. நாள்தோறும் புத்துணவு என்ற விதி, பெண்ணொருத்தி பகல் முழுதும் அடுப்பருகே இருந்த இல்லங்களில் வழங்கி வந்த விதி. அவள் இன்று நான்கு மணிக்கு எழுந்து, ஆறு மணிக்கு மலையிறங்கி, இரவில் திரும்புகிறாள். மற்றவர் நோன்பின் சுமையையும் அவள் தோளிலேயே ஏற்றிவிட்டு, பிறர் தமக்குப் புண்ணியம் தேடிக்கொள்வது அகிம்சையாகாது. அவளும் ஓர் உயிரே; அதுவும் ஐம்பொறியும் மனமும் உடைய உயிர். மாலை நாலரை மணிக்கு வீட்டிலிருக்கும் மாமனார் குக்கரில் அரிசி களைந்து வைத்தால் எந்த ஆகமமும் குறுக்கே நிற்காது. பதினான்கு வயதுப் பேரன் பட்டாணியை வேகவைக்கலாம். நோன்பு எவருடையதோ உழைப்பிலும் பங்கு அவருடையது.

எம்மிடம் வினவுவோரை ஒரு தாளில் ஆறு நாள் மாலை உணவை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அடுப்பு மூட்டுபவரின் பெயரை எழுதிவரச் சொல்கிறோம். சிலர் கொண்டுவந்து காட்டினர். ஆறு வரியிலும் ஒரே பெயர்.

உதவ ஒருவரும் இல்லாத இல்லங்களும் உண்டு. முதியோர் படுக்கையில், பிள்ளைகள் சிறியவர். அங்கே இரண்டில் ஒன்றையே காக்க முடியுமாயின், உறைய வைத்ததைப் பகலிலேயே சூடாக்கி உண்டு இரவுண்ணாமையைக் காக்கட்டும் என்பதே எம் துணிபு. சமந்தபத்திராசாரியார் வகுத்த சிராவகரின் பதினொரு நிலைகளுள் அதற்கென்றே ஆறாம் நிலை ஒன்று இருக்கிறது. மாறுபடுவோர் உளர்; அவர் கருத்தையும் மதிக்கிறோம். முனிவர்க்கு அளிக்கும் உணவில் மட்டும் இதற்கு இடமே இல்லை.

அப்படிச் செய்வோரும் இரண்டு மூன்று நாளைக்கு மேல் சேர்க்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் சாய்ந்து மின்சாரம் நிற்பது இம்மலையில் புதிதன்று. கதவைத் திறவாதிருந்தால் நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது சுமார் 24 மணி நேரமும் குளிர் காக்கும் என்பர். அதற்குமேல் இளகிய பட்டாணியையும் தேங்காயையும், குளிர் முற்றும் நீங்குமுன் எடுத்தால், அன்றே சமைத்து அண்டை வீட்டாருக்கும் கொடுத்துவிடலாம். இளகிக் கிடந்த குழம்பை எவருக்கும் கொடுக்க முடியாது.