மண்ணுளிப் பாம்பில் பரக்கத்தா?



"மண்ணுளிப் பாம்பு ஒன்று பிடித்துக் கொடு, லட்சக்கணக்கில் தருகிறோம்" என்று சேலம், நாமக்கல் பக்கம் கடலைக் காட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஆசை காட்டுகிறார்கள்.

அது விஷமற்றது, எலியைத் தின்று விவசாயிக்கு உதவுவது. வீட்டில் வைத்தால் செல்வம் வரும் என்று எடைபோட்டு விற்கிறார்கள், வெளிநாட்டுக்கும் கடத்துகிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

ரிஸ்க் தருபவன் அல்லாஹ் ஒருவனே. பாம்பு தரும் என்று நம்பி வாங்கினால் ஈமான் என்னாவது? நம்பாமல் விற்றால் அது மோசடி. இதில் ஹலால் எங்கே?

குருவிக் குஞ்சுகளை எடுத்துவந்த தோழர்களிடம், தாயிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். பாம்பும் அல்லாஹ்வின் படைப்புதான். மண்ணிலேயே விட்டுவிடுங்கள்.

ஹலாலான ரிஸ்க்கைக் கொண்டு போதுமாக்கிக்கொள்ள அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.