திறந்து காட்டும் பொட்டலம்

கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வெளிநாட்டு நண்பர் வீட்டுக்குப் புறப்படுகிறவர் வெறுங்கையோடு போவதில்லை. கல்வராயன் மலைத் தேன் ஒரு பாட்டில், வெள்ளிமலையில் வாங்கிய சாமை, கொட்டை எடுத்த புளி, வெயிலில் காய்ந்த ஜவ்வரிசி வடகம் என்று பெட்டியில் முதல் இடம் இவற்றுக்குத்தான், துணிமணி பிறகு. இந்த வழக்கத்தின்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கிற பொருளைவிட, மலையாளிப் பழங்குடி மக்கள் மலைச்சரிவில் விளைவித்த ஒரு படி சாமை, பிரிந்து போனவருக்கு ஊரையே கொண்டுவந்து நிறுத்தும். ஆனால் அந்தப் பொட்டலம் போய்ச் சேரும் நாட்டில் நண்பர் மட்டும் வாழவில்லை. அங்கே உழுகிறவர்களும் தேனீ வளர்ப்பவர்களும் உண்டு. ஆகவே, விமான நிலைய அதிகாரி கேட்டால் தயங்காமல் திறந்து காட்டக்கூடியதை மட்டுமே எடுத்துப் போக வேண்டும் என்கிறேன். அபராதத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. கல்வராயன் மலையடிவாரத்துக் கிழங்குக் காடுகள் பட்ட பாட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், மலைக்கு அந்தப்பக்கம் ஆத்தூர் என்று இந்த வட்டாரம் முழுக்க மரவள்ளி உண்டு. அதை நம்பி ஜவ்வரிசி (சேகோ) ஆலைகளும் உண்டு. தென்னமெரிக்காவில் பிறந்த பயிர் அது. அங்கேயே பிறந்த மரவள்ளி மாவுப்பூச்சி நெடுங்காலம் அதைப் பின்தொடரவில்லை. 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. கிழங்கையே சோறாக உண்ணும் நாடுகளில் 80 விழுக்காடு வரை விளைச்சலை அழித்தது. 2008இல் தாய்லாந்து, 2020இல் கேரளத்தின் திருச்சூர், பிறகு நம் பக்கம். குருத்து சுருண்டு, கணுக்கள் நெருங்கி, செடி குட்டையாகிக் கிழங்கு பிடிக்காமல் போனது. இப்பூச்சியைத் தின்னும் குளவியும் தென்னமெரிக்காவிலேயே இருந்தது. ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானியின் குழு அதை ஆப்பிரிக்காவில் 1981 முதல் பரப்பியது. அந்தப் பணிக்காக 1995இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வரவழைத்து, தனிமைப்படுத்திச் சோதித்து, பெங்களூரு ஆய்வகத்தில் பெருக்கி, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விட்டார்கள். கவனிக்க வேண்டியது இதுதான்: பூச்சி எவரிடமும் கேட்காமல் வந்தது, அதை அடக்கும் உயிரோ அனுமதி, சான்றிதழ், சோதனை எல்லாம் கடந்துதான் வர முடிந்தது.

இதை அறிந்த பிறகு மற்ற நாட்டுச் சட்டங்கள் வேறுவிதமாகத் தெரிகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் சொந்த உபயோகத்துக்காக 2 கிலோ வரை தேன் கொண்டுபோகலாம். நியூசிலாந்துக்கு நம் தேன் ஒரு சொட்டும் ஆகாது. தேனில் தேனீக்களின் நோய்க்கிருமி தங்கும், அதைத் தங்கள் கூடுகளுக்குள் விட அவர்கள் விரும்பவில்லை, அவ்வளவுதான். அமெரிக்கா இந்தியப் பயணியின் பெட்டியில் அரிசியைத் தடுப்பதற்குக் காரணம் கப்ரா வண்டு. இந்தியத் துணைக்கண்டமே அதன் தாயகம். அதன் புழு இரையே இல்லாமல் விரிசல்களில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

ஒரு கிலோவில் என்ன வந்துவிடப் போகிறது, கப்பல் கப்பலாக இறக்குமதி நடக்கிறதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கப்பல் சரக்குக்குச் சான்றிதழும், தேவைப்படும் இடத்தில் புகையூட்டலும் உண்டு. கைப்பெட்டிக்கு இருக்கும் ஒரே சான்றிதழ் அதைத் தூக்கி வருகிறவரின் வாய்ச்சொல். அளவும் பெரிய ஆறுதல் அல்ல. பிரிட்டனில் 2001இல் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல வைத்த கோமாரி நோய், உணவகக் கழிவைச் சரியாகக் காய்ச்சாமல் பன்றிகளுக்குப் போட்ட ஒரே ஒரு பண்ணையில் தொடங்கியது என்றே அங்கே முடிவுகட்டினார்கள். இன்னொரு வாதம் எனக்கே பிடித்தது: மரவள்ளியும் மிளகாயும் எல்லை தாண்டி வந்தவைதானே, அன்றே தடுத்திருந்தால் நமக்கு ஜவ்வரிசி ஏது? உண்மை. பயிர்கள் பயணம் செய்ய வேண்டும். ஆனால் மரவள்ளி இங்கே செழித்ததற்கு, அதன் எதிரி கூட வராததும் ஒரு காரணம்.

அன்புக்குச் சட்டம் பேசுவதா என்று மனம் நோகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒளித்துக் கொண்டுபோன பொருளைக் கையில் வாங்குகிற நண்பர் அந்த ஒளிப்பிலும் பங்காளி ஆகிறார். பிடிபட்டால் நாம் திரும்பி வந்துவிடுவோம், அவர் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். கொண்டுபோக வழியே இல்லையென்றும் சொல்ல முடியாது. சாமையை வறுத்து மாவாக்கலாம், முறுக்காகச் சுட்டு எடுக்கலாம். முளைக்கவும் வண்டு ஒளியவும் அதில் வாய்ப்பு மிகக் குறைவு. சூட்டில் வெந்து காய்ந்த ஜவ்வரிசி வடகம் பச்சைக் கிழங்கைப் போல் அல்ல. கடைப் பொட்டலமாகவே, பெயரும் சேர்க்கையும் அச்சிட்ட உறையோடு வைத்து, அறிவிப்புப் படிவத்தில் 'உணவு உண்டு' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு நிற்கலாம். சில நாட்டில் அதையும் எடுத்துவிடுவார்கள். வடகம் போகும், பெயர் கெடாது. நியூசிலாந்து நண்பருக்குத் தேன் வேண்டுமென்றால், அவர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது வெள்ளிமலைக்கே அழைத்துப் போய்ச் சாமைச் சோற்றோடு ஊற்றித் தரலாம்.