ஆயுள் உள்ள வரை

மகளுக்கு மணம் முடிக்கும்போது வீட்டையும் அவள் பெயருக்கு எழுதிக் கொடுக்கும் வழக்கம் அதிராம்பட்டினத்தில் பல குடும்பங்களில் உண்டு. ஆண்பிள்ளைகள் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். ஊரில் தங்கும் தாய் தகப்பனைப் பெரும்பாலான பிள்ளைகள் அன்போடுதான் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த அன்பை நம்பித்தான் கடைசிச் சொத்தும் கைமாறுகிறது.

பத்திரம் எழுதும் இடத்தில் தான செட்டில்மென்ட் தயாராக இருக்கும். கண் மங்கிய தாயிடம், "இங்க கைநாட்டு வைங்க உம்மா" என்பார்கள். ஆயுள் உள்ள வரை அவர் அதே வீட்டில் குடியிருக்கலாம், சோறும் மருந்தும் கொடுத்துப் பராமரிக்க வேண்டும் என்று ஒரு வரி அதில் உண்டா? கேட்கத் தாய்க்குக் கூச்சம். பெற்ற பிள்ளையிடமே நிபந்தனை போடுவதா?

போடத்தான் வேண்டும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கென 2007இல் வந்த சட்டத்தின் 23ஆம் பிரிவு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. பராமரிப்பதாக ஏற்றுச் சொத்தை வாங்கியவர் கைவிட்டால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். அப்படி நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், முதியவருக்குச் சாதகமாகத் தாராளமாகவே சட்டத்தைப் படிக்க வேண்டும் என்றது. ஆனால் அந்த வழக்கைத் தொடுத்த தாயின் கையிலும் மகன் எழுதிக்கொடுத்த உறுதிமொழி இருந்தது. ஆகவே திருமணப் பேச்சில் உட்காரும் பெரியவர்களே இந்த வரியைக் கேட்டு எழுத வைக்க வேண்டும். தாயே வாய்விட்டுக் கேட்கும்படி விடுவது அவரை அவமதிப்பதாகும்.

உலக அளவிலும் முதியோருக்கு எழுத்தில் உள்ள காப்பு குறைவுதான். பெண்களுக்கு 1979இலும், குழந்தைகளுக்கு 1989இலும், மாற்றுத்திறனாளிகளுக்கு 2006இலும் ஐ.நா. உடன்படிக்கைகள் வந்துவிட்டன. முதியோருக்கென 1991இல் வகுத்தவை வெறும் கோட்பாடுகள். எந்த அரசையும் அவை கட்டுப்படுத்தா. அவர்களுக்கும் ஓர் உடன்படிக்கை வரைய, அரசுகளின் பணிக்குழு அமைப்பதென்று ஜெனீவாவில் மனித உரிமை மன்றம் 2025 ஏப்ரல் 3 அன்றுதான் முடிவெடுத்தது. அது எழுதி முடிந்து நாடுகள் ஏற்பதற்குள், இன்று எழுபதைத் தாண்டியவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்?

நிபந்தனையில்லாத பத்திரத்தில் ஏற்கெனவே கைநாட்டு வைத்துவிட்டவர்களுக்கும் வழி அடைபடவில்லை. சொந்த வருமானத்தில் பிழைக்க முடியாத பெற்றோர், சொத்து யார் பெயரில் இருந்தாலும், அதே 2007 சட்டப்படி பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். மனுவைப் பட்டுக்கோட்டை வருவாய்க் கோட்டாட்சியரிடம் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. நடக்க முடியாதவருக்காக அவர் அனுமதித்த இன்னொருவரும் கொடுக்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைத்து வழி கேட்கலாம்.