புறப்பூச்சும் அகத்தூய்மையும்



ஆலயங்களில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்வது எமது மரபு. பாலஸ்தாபனம் நிகழ்ந்து, வெடிப்புகள் அடைக்கப்பட்டு, பழுதுகள் திருத்தப்பட்ட பின்னரே வர்ணம் தீட்டப்படுகின்றது. நாம் வாழும் இல்லத்திற்கும் இதுவே முறையாகும்.

யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீடுகளின் சுவர்கள் சுண்ணாம்புக் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்டவை. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின் இவற்றுட் பல ஆளின்றிக் கிடந்தன. ஓடுகள் கழன்றன, சுவர்களில் ஆலும் அரசும் வேரோடின. 2009இல் யுத்தம் முடிந்த பின்னர், ஊர் திரும்பியோரும் வெளிநாடுகளில் வாழும் பிள்ளைகளும் இவற்றைத் திருத்தி வருவது மகிழ்ச்சிக்குரியது.

ஆயினும், திருவிழா நெருங்கும்போது அவசர அவசரமாகச் சீமெந்து பூசிப் பெயின்ற் அடித்தல் பயன் தராது. சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சும் ஈரத்தை வெளியே விட்டுக் காயும் இயல்புடையது. அதனை இறுக மூடினால் ஈரம் உள்ளே தங்கும், உவர் பூக்கும், அடுத்த மாரிக்குள் பூச்சு உரியும். முதலில் ஓட்டையும் பீலியையும் திருத்தி மழைநீரைத் தடுக்க வேண்டும். பின் பாசியையும் உவரையும் சுரண்டி, சுவரை நன்கு காயவிட்டு, சுண்ணாம்புச் சாந்தால் பழுது பார்த்து, மெல்லிதாக இரண்டு மூன்று தடவை வெள்ளையடித்தல் நன்று.

சுரண்டுதலை இழிதொழில் என எண்ணலாகாது. திருநாவுக்கரசு நாயனார் உழவாரம் ஏந்தித் திருக்கோயில்களிற் புல்லைச் செதுக்கினார். அதுவே அவர் செய்த பெருந்தொண்டு.

அடியார்களே! பழைய வீடு பல குடும்பங்களிலே பங்குப் பிணக்காகவும் நிற்கின்றது. ஒரு வளவில் பிறந்த சகோதரர், ஒரே தேர்வடத்தைப் பிடித்து இழுத்தும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. அவ்வீட்டுக்கு எந்த நிறம் பூசினாலும் என்ன பயன்? மனத்தில் பூத்த உவரைச் சுரண்டாமல் நெற்றியில் நீறு பூசுவதும் அத்தகையதே.

ஆகவே, இவ்வாண்டு கொடியேற்றத்திற்கு முன் வீட்டைத் திருத்துவோர், சுவரிற் தூரிகை வைக்கும் முன் உடன்பிறந்தாரின் படலையைத் தட்டுவார்களாக. பிணக்குத் தீர்ந்த வீட்டில் ஏற்றும் விளக்கு எம்பெருமானுக்கு உகந்ததாகும்.

சுபம்.