அடிப்பலகையும் அஹிம்சையும்

தேனீக்களை வளர்க்கும் மனிதன் என்றேனும் ஒருநாள் எதிர்கொண்டே தீரவேண்டிய தர்மசங்கடம் ஒன்று உண்டு. ஓர் உயிரைக் காக்கும் பொறுப்பை மனமார ஏற்றுக்கொண்டவன், அவ்வுயிரை உறிஞ்சி வாழும் மற்றோர் உயிரைக் கொல்லலாமா என்பதே அது. சாஸ்திர விசாரணைக்கு உரியதாகத் தோன்றும் இக்கேள்வி என் உள்ளத்தில் எழுந்ததோ, இத்தாலியத் தேனீக்கள் குடியிருந்த பெட்டியொன்றுக்குப் புதிய அடிப்பலகை செய்ய வேண்டியிருந்தபோது, இழைத்த மரப்பலகையா, கம்பிவலை அடித்த சட்டமா என்று தச்சர் கேட்டு நின்ற வேளையில்தான்.

மரப்பலகையின்மேல் விழுவது யாவும் அங்கேயே தங்கும். மெழுகுத் துகள் சேர்ந்து குப்பையானால் அதில் அந்துப்பூச்சி பெருகும். தேனீயை உறிஞ்சி வாழும் வர்ரோவா உண்ணி அதன் உடலிலிருந்து தவறி விழுந்தாலோ, அவ்வழியே நடக்கும் வேறொரு தேனீயைத் தொற்றிக்கொண்டு மீண்டும் மேலேறிவிடும். அங்குலத்துக்கு 8 கண்கள் கொண்ட வலையாயின், தேனீ உள்ளே நிற்க, உண்ணி கீழே நழுவும். மலர்த்தேனின் நீரை வற்றச் செய்ய இரவெல்லாம் சிறகு வீசும் தேனீக்களுக்கு அவ்வலை வழியே வரும் காற்றும் துணையாகும். ஆயினும், புழுக்கள் வளரும் இடத்தில் 34 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பத்தை இடையறாது காத்துவரும் அக்குடும்பத்துக்கு, குளிர்காற்று வீசும் நாளில் அதே வலை பாரமாகலாம். ஆதலால், வேண்டும்போது அடைப்பதற்கு ஒரு தகடும் அதனடியில் வேண்டும்.

நான் வலையையே தேர்ந்தேன். வலை எதையும் கொல்வதில்லை, விழுவதை விழவிடுகிறது என்று என் மனம் அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டது.

ஒரு விடியற்காலையில், விழும் உண்ணிகளை எண்ணுவதற்காக வலையின் அடியில் செருகியிருந்த, எண்ணெய் தடவிய வெள்ளைத் தகட்டை உருவிப் பார்த்தேன். மகரந்தப் பொடிக்கு நடுவே, கடுகளவே ஆன, நண்டின் ஓடுபோல் அகன்ற செம்பழுப்பு உடல்கள் சிதறிக் கிடந்தன. அவற்றுள் ஒன்று எண்ணெயில் சிக்கிய கால்களை இன்னும் அசைத்துக்கொண்டிருந்தது. என் சமாதானம் அங்கேயே கலைந்தது. விளைவை அறிந்து எண்ணெய் தடவியவன் நான். அச்செயலின் பலனைக் கம்பிவலையின் தலையில் சுமத்துதல் எவ்வாறு நியாயமாகும்?

அவ்வுண்ணியின் வரலாறு இன்னும் ஆழ்ந்த வருத்தத்தைத் தந்தது. இவ்வகை உண்ணியை 1904இல் ஔடெமான்ஸ் என்னும் அறிஞர் ஜாவாத் தீவின் தேனீக்களிடம் கண்டதை வைத்து விவரித்தார். இத்தாலியத் தேனீயை வதைப்பது அவ்வுண்ணிக்கு நெருங்கிய உறவான வேறோர் உண்ணியினம் என்பது 2000இல் தெளிவாயிற்று. நம் இந்தியத் தேனீ, மேலேறிய உண்ணியைக் காலாலும் தாடையாலும் களைந்தெறிய வல்லது; அதன் கூட்டில் ஆண் தேனீக்கள் வளரும் அறைகளில் மட்டுமே உண்ணி பெருகும். நெடுங்காலமாக நிலவிய அச்சமநிலைக்குள், மிகுந்த தேனை விரும்பி, இத்தாலியத் தேனீ முதலான ஐரோப்பியத் தேனீயைக் கொணர்ந்து வைத்தவன் மனிதன். எதிர்ப்பாற்றல் பழகாத அத்தேனீயின் பணித்தேனீப் புழுக்களையும் உண்ணி பற்றிக்கொண்டது. ஆகவே உண்ணியின்மேல் பகைமை பாராட்ட எனக்கு உரிமையில்லை, பழி எம்மினத்தது.

தேனையே விலக்கிய சமணர் இச்சங்கடத்தின் வேரையே களைந்தனர். அவர்தம் நெறியின் தூய்மையை வணங்குகிறேன். ஆனால் உயிர்களை ஏற்கெனவே பெட்டிக்குள் குடியமர்த்திவிட்டவன், அவை நலிந்து மடிவதைப் பார்த்துக் கைகட்டி நிற்பது அஹிம்சை ஆகாது. அது கடமையைக் கைவிடுதலே ஆகும். உண்ணிகளில் பெரும்பகுதி மூடிய புழு அறைகளுக்குள் ஒளிந்திருப்பதால், வலை ஒன்றே அவற்றை அடக்கிவிடாது. சிலபோது மருந்தும் தேவைப்படும். எண்ணிப் பார்க்காமல் மருந்திடாதிருத்தல், தேவைக்குமேல் ஓர் உயிரையும் போக்காதிருத்தல், போக்கியதை என் செயலென்றே ஒப்புக்கொள்ளுதல் ஆகிய இம்மூன்றையுமே என்னால் இயன்ற தர்மமாகக் கொண்டேன்.

அன்று, கால்கள் அசைந்துகொண்டிருந்த அந்த உண்ணியையும் சேர்த்தே எண்ணிக் குறித்துக்கொண்டு, தகட்டைக் கழுவித் துடைத்து மீண்டும் வலையின் அடியில் செருகினேன்.