அடுத்த வீட்டு அநீதி

அடுத்த வீட்டில் நிகழும் அநீதியைத் தட்டிக் கேட்கும் அதிகாரம் நமக்கு உண்டா என்னும் கேள்வி, தனிமனித தர்மத்தில் எத்துணைப் பழையதோ, அரசுகளின் தர்மத்தில் அத்துணைப் புதியது. தென்னாப்பிரிக்காவில், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழரின் சந்ததியார் உள்ளிட்ட இந்தியர்கள், விரும்பிய இடத்தில் நிலம் வாங்கவும் குடியிருக்கவும் தடுக்கப்படுவதை 1946-இல் ஐக்கிய நாடுகள் சபையில் இந்தியா முறையிட்டபோது, அது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று தென்னாப்பிரிக்க அரசு கதவைச் சாத்தப் பார்த்தது. இந்தியாவோ முறையிட்டதோடு நில்லாமல் வர்த்தக உறவையும் முறித்துக்கொண்டது. அந்தத் தியாகத்தாலேயே அக்கண்டனத்துக்குக் கனம் வந்தது என்பது என் துணிபு.

அதே நாட்டில் கறுப்பு மக்கள் சுமந்த அனுமதிப் புத்தகத்தை எண்ணிப் பாருங்கள்: புகைப்படம், முதலாளியின் கையொப்பம், வரி செலுத்திய குறிப்பு; சொந்த மண்ணில் நடமாட அது எந்நேரமும் கையில் இருந்தாக வேண்டியிருந்தது. 1960 மார்ச் 21 அன்று அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, எங்களைக் கைது செய்யுங்கள் என்று ஷார்ப்வில் காவல் நிலையத்தின் முன் திரண்டவர்களில் 69 பேர் சுடப்பட்டு மாண்டனர்; பலருக்குக் குண்டு முதுகில் பாய்ந்திருந்தது. ஓடுகிறவனின் முதுகில் பட்ட குண்டு எவருடைய உள்நாட்டு விவகாரம்?

1965-இல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையை ஏற்கும் அரசு, தன் நாட்டு நிலையை நிபுணர் குழுவின் முன் அறிக்கையாக வைத்து விடை கூறக் கடமைப்படுகிறது. சித்தத்தில் உறையும் துவேஷத்தைச் சட்டம் தீண்டுமா என்று ஞானிகள் கேட்கலாம். தீண்டாதுதான், ஆயினும் புத்தகத்தைக் காட்டு என்று நீளும் கையை அது தடுக்க வல்லது. தென்னாப்பிரிக்காவில் அந்தக் கை மடங்க 1986 வரை ஆயிற்று.